நர்ஸம்மா வந்தால் வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டேன்

கேள்வி: எனக்கு 53 வயது. பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். இரண்டு கறவை மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். மகன் பெங்களூரில் கட்டட வேலை, பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வருவான். மருமகளுக்கு 22 வயது. அம்மா இல்லாத பெண் என்பதால் இரண்டு பிள்ளைப்பேறும் எங்கள் வீட்டில்தான் பார்த்தோம். மூத்தது பெண், இரண்டரை வயது. இப்போது பிறந்ததும் பெண், 38 நாள் ஆகிறது. மருமகள் குழந்தையைக் கவனிப்பதே இல்லை. தூளியில் கிடந்து வீல் வீலென்று கத்தினாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். பால் இல்லை என்கிறாள். நான்தான் பசும்பாலில் தண்ணீர் கலந்து புட்டியில் கொடுக்கிறேன். ஏதாவது கேட்டால் ‘நான் இருந்து என்ன ஆகப்போகுது’ என்கிறாள். நர்ஸம்மா இரண்டு தடவை வந்தார்கள். பெங்களூர் போயிட்டாங்க என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டேன். வீடு கிடக்கிற கிடையைப் பார்த்து எழுதிக்கொண்டு போனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், கேஸ் ஆகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். குழந்தையை அரூரில் இருக்கும் என் மகள் வீட்டில் கொஞ்ச நாள் விட்டுவிடலாமா? அடுத்தது பையனாகப் பிறந்தால் இவள் சரியாகிவிடுவாளா?

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தை மாலை ஐந்தரைக்குப் படித்தேன். ஆறு மணிக்கு உங்களுக்குப் போன் போட்டேன். வழக்கமாக நான் அப்படிச் செய்வதில்லை. வந்த கடிதங்களை அடுக்கி வைத்து, முறை வரும்போது பதில் எழுதுவேன். ‘நான் இருந்து என்ன ஆகப்போகுது’ என்கிற வரியை அடுக்கில் வைக்க மனம் வரவில்லை. நீங்கள் அப்போது சொசைட்டியில் கேனோடு நின்றிருந்தீர்கள். “யாரு, எந்த நர்சு?” என்று நீங்கள் பதறியதும், எங்கே போனை வைத்துவிடுவீர்களோ என்று நான் பதறியதும் நம் இருவருக்கும் தெரியும். அன்று பேசியதையும், பேச நேரமில்லாமல் விட்டதையும் உங்கள், மருமகள் இருவர் சம்மதத்தோடும் இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன். இதேபோல் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் வேறு சில வீடுகளுக்கும் இது போய்ச் சேரட்டும்.

முதலில் குழந்தை. நாள் ஒன்றுக்கு எத்தனை துணி நனைகிறது என்று கேட்டேன். நாலு இருக்கும் என்றீர்கள். அந்த வயதில் ஆறுக்குக் குறையக் கூடாது. பால் போதவில்லை என்று துணியே சொல்லிவிட்டது. புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன. பாதம் சில்லென்றிருந்தால் குழந்தை குளிரில் இருக்கிறது, வயிறும் சேர்ந்து சில்லென்றிருந்தால் அது ஆபத்து. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணச் சொன்னேன். 60-க்கு மேல் போகவில்லை, நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கவில்லை. வாயில் வைத்தால் சப்புகிறது, காய்ச்சல் இல்லை, வெட்டி இழுக்கவில்லை, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாக இல்லை. இதில் ஒன்று தப்பாக இருந்திருந்தாலும் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடச் சொல்லியிருப்பேன். எதுவும் இல்லாததால் காலை வரை நேரம் கிடைத்தது.

அடுத்தது தாய். போனை அவள் காதில் வைக்கச் சொன்னேன். ஒரு நிமிடம் வரைக்கும் பேச்சே இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும். குழந்தையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. “என்ன சாப்பிட்டே கண்ணு?” என்றேன். “நேத்து காலையில களி” என்றாள். அது மறுநாள் சாயங்காலம். தூங்கினாயா என்றேன். கண்ணை மூடினால் குழந்தை அழுகிற சத்தம், எழுந்து பார்த்தால் அது தூங்கிக்கொண்டிருக்கிறது என்றாள். பிறகு நேராகவே கேட்டேன்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டபிறகுதான் அழுகை வரும், அழுதபிறகுதான் பேச்சு வரும். “அப்பப்போ” என்றாள். பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறதா என்றும் கேட்டேன். இல்லை என்றாள். ‘அப்பப்போ’ என்று அவள் சொன்னதால்தான் அன்று ராத்திரி அவள் பக்கத்திலேயே உங்களைப் படுக்கச் சொன்னேன். மாட்டுக் கொட்டகையில் இருந்த பூச்சி மருந்தை வேறு வீட்டில் வைத்துப் பூட்டச் சொன்னதும் அதற்குத்தான். ஒருவேளை அவள் காதில் யாரோ பேசுவது போல் கேட்கிறது, குழந்தை தன்னுடையது இல்லை, யாரோ விஷம் வைக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லியிருந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. பிள்ளை பெற்ற சில நாட்களில், சில வாரங்களில் அபூர்வமாக அப்படி வரும். அப்போது உடனே ஆஸ்பத்திரிதான்.

நர்ஸம்மா கதைக்கு வருகிறேன். நீங்கள் பயந்ததில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பயத்தை உங்கள் ஊரில் விதைத்த நர்ஸம்மாக்களில் நானும் ஒருத்தி.

வேண்டாம் என்கிற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப்போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது, 2001-இல் நம் தருமபுரி மாவட்டத்துக்கும் வந்தது. அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடுதான் இருந்தது, 2004-இல்தான் பிரிந்தது. பெண் சிசுக்கொலை நடக்கும் மாவட்டம் என்று நம் பெயர் பத்திரிகையிலெல்லாம் அடிபட்ட காலம் அது. சில வீடுகளில் போலீஸ் வந்தது, கேஸ் ஆனது, எல்லாம் உண்மை. இரண்டாவதும் பெண் என்றால் அந்த வீட்டுக்கு நாங்கள் அடிக்கடி போகவேண்டும், குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். அந்தக் கண்காணிப்பால் பிழைத்த உயிர்கள் உண்டு, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த வீட்டுப் பெண்களின் கண்ணில் நாங்கள் யாராகத் தெரிந்தோம்?

97 அல்லது 98-ஆக இருக்கும். ஒகேனக்கல் சாலையிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு கூரை வீடு, மூன்றாவது பெண் குழந்தை, பன்னிரண்டாம் நாள். நான் வாசலில் நின்றதுமே அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் எழுந்து, தூளியிலிருந்து குழந்தையை எடுத்து, ரேஷன் கார்டை நீட்டுவதுபோல் என் முன்னால் நீட்டினாள். தராசில் மாட்டினேன். எடை சரியாக இருந்தது. உட்கார்ந்து பேசச் சொன்னேன், பேசவில்லை. ‘தாய் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். பத்து நாள் கழித்து பால்வாடி ஆயா சொன்னாள்: அவளுக்கு மார்பில் பால் கட்டி, சீழ் பிடித்து, காய்ச்சலில் விழுந்து, மாமனார் தூக்கிக்கொண்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனாராம். நான் போன அன்றே அவளுக்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது. எதிரில் நின்றவளின் கையை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள், அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. 31 வருஷ சர்வீஸில் நான் எழுதிய எத்தனையோ வரிகள் மறந்துவிட்டன, இந்த ‘ஒத்துழைக்கவில்லை’ மட்டும் மறக்கவில்லை.

இப்போது நர்ஸம்மா வருவது அந்த வேலைக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்கவேண்டும் என்பது நாடு முழுக்க உள்ள கணக்கு. 2011-இலிருந்து இப்படி. மற்ற மாநிலங்களில் இதை ஆஷா என்னும் கிராமத்துச் சுகாதாரப் பணிப்பெண் செய்கிறார், நம் ஊரில் பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியர். சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலைப்பகுதிகளில் ஆஷாக்களும் உண்டு. அதற்குப் பிறகு 3, 6, 9, 12, 15 மாதங்களில் போகிற இன்னொரு கணக்கை 2018-இல் சேர்த்தார்கள். இதற்கெல்லாம் மூலம் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி. மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி அங்கே கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பச்சைக் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது வருஷத்தில் அந்த ஊர்களில் பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. 1999-இல் அந்த முடிவு வெளியானபோது எங்கள் கூட்டத்தில் ஒரு டாக்டர் அதைப் படித்துச் சொன்னார். டாக்டர் இல்லாமல் இது நடக்குமா என்று அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

ஒழுங்காக நடக்கும் ஒரு வருகையில் என்ன இருக்கும்? வந்தவள் முதலில் கை கழுவுவாள். குழந்தை பால் குடிப்பதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை உட்கார்ந்து பார்ப்பாள். இதுதான் பெரிய வேலை, அரைமணி நேரம் ஆகும், அவசரக்காரிக்கு வராது. குழந்தையின் வாய் அகலத் திறந்திருக்கிறதா, காம்பை மட்டும் கடிக்கிறதா, கருவட்டம் வரை வாய்க்குள் போகிறதா, விழுங்குகிற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பாள். ‘பால் இல்லை’ என்று சொல்லும் தாய்மாரில் பெரும்பாலோருக்குப் பால் இருக்கிறது, குழந்தை பிடிக்கிற விதம்தான் தப்பு. பிறகு எடை, தொப்புள், கண், தோல். அதன்பிறகு தாயின் வயிறு, உதிரப்போக்கு, மார்பு, தையல், கண் இமையின் உட்புற வெளுப்பு. கடைசியாகத் தூக்கம், சாப்பாடு, மனசு. எல்லா நர்ஸும் எல்லா நாளும் இத்தனையும் செய்கிறார்கள் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஒரு துணை சுகாதார நிலையத்தை நம்பி எத்தனை ஊர், எத்தனை பதிவேடு, இப்போது அதோடு செல்போனில் ஏற்றும் வேலை வேறு. ஆனால் கதவு திறந்திருந்தால் பாதியாவது நடக்கும்.

இன்னொன்று. உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்று போனில் சொன்னீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம். அந்த மாத்திரைக்காரப் பெண் வந்தால் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுக்கிறீர்கள். அவளிடம் மறைக்க உங்களுக்கு எதுவும் இல்லை. உங்கள் சர்க்கரைக்கு வருகிறவள் சொந்தக்காரி, மருமகளின் பச்சை உடம்பைப் பார்க்க வருகிறவள் போலீஸா?

கடிதத்தை இரண்டாம் தரம் படித்தபோது ஒன்று கவனித்தேன். மாட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், மகனைப் பற்றி, மகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மருமகளின் உடம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. குற்றம் சொல்லவில்லை. கடைசியில் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது ரத்தம், அதாவது ஹீமோகுளோபின், 7.6 கிராம். அந்த ரத்தத்தோடு ஒரு பெண்ணால் எழுந்து நடமாட முடிவதே பெரிது. ‘கவனிப்பதே இல்லை’ என்று நீங்கள் எழுதிய பல வேலைகளுக்கு அவள் உடம்பில் தெம்பு இல்லை. அதோடு மனச்சோர்வு. வேலூர் பக்கத்துக் கிராமங்களில் மருத்துவர்கள் பிள்ளை பெற்ற பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2002-இல் எழுதினார்கள்: நூற்றுக்குப் பதினோரு பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்தது. பெண் குழந்தை பிறந்த ஏமாற்றம், மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கையில் காசில்லாமை இதெல்லாம் அதோடு சேர்ந்தே இருந்தன என்றும் எழுதினார்கள். நம் வீட்டுக் கதை மாதிரியே இல்லையா?

‘தாய் குழந்தையைக் கவனிக்காமல் விடுகிறாள்’ என்பதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது. வேண்டுமென்றே வதைப்பவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் நான் உள்ளே போய் உட்கார்ந்த வீடுகளில் கவனிப்பாரற்ற குழந்தைக்குப் பக்கத்தில் அநேகமாகக் கவனிப்பாரற்ற ஒரு தாயும் படுத்திருப்பாள். அமெரிக்காவில் இதை நீண்ட காலம் பார்த்திருக்கிறார்கள். 1970-களின் கடைசியில் நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்கிற ஊரில், டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் 400 தாய்மாரைச் சேர்த்தார். பெரும்பாலோர் சின்னவயசு, அல்லது ஏழை, அல்லது கல்யாணம் ஆகாதவர்கள். ஒரு பகுதியினரின் வீட்டுக்குக் கர்ப்பத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை செவிலியர் போய்க்கொண்டே இருந்தார். குழந்தைகளுக்கு 15 வயது ஆனதும் கணக்குப் பார்த்தார்கள். செவிலியர் போன வீடுகளில் கொடுமை, கவனிக்காமை என்று வந்த புகார்கள், போகாத வீடுகளில் வந்ததில் கிட்டத்தட்டப் பாதிதான். அதே ஆய்வில் இன்னொரு சங்கதியும் வெளிவந்தது. அடிதடி மிகுந்த வீடுகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. போனில் நான் சுற்றி வளைத்து, “பையன் குடிப்பானா, கை நீட்டுவானா?” என்று கேட்டது அதனால்தான். உங்களுக்குக் கோபம் வந்தது, பரவாயில்லை. மருமகளிடம் தனியாகவும் கேட்டேன், இல்லை என்றாள். ஆமாம் என்றிருந்தால் பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கொடுத்திருப்பேன், இந்தப் பதிலும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

உங்களுக்கு இன்னும் பொருத்தமானது ராவல்பிண்டியில் நடந்தது. பாகிஸ்தான் கிராமங்கள், கூட்டுக் குடும்பம், மாமியார் அதிகாரம், எல்லாம் நம்மைப் போலத்தான். மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கு நம் நர்ஸம்மா மாதிரி சுகாதாரப் பணிப்பெண்களை அனுப்பினார்கள். ‘உன் மருமகளுக்கு மனநோய்’ என்று வாசலில் சொன்னால் மாமியார் உள்ளே விடுவாளா? பிள்ளை நன்றாக வளரவேண்டும், அதற்கு எல்லோரும் சேர்ந்து என்ன செய்யலாம் என்று பேசி, மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அந்தத் தாய்மாரில் 23 சதவீதம் பேருக்குத்தான் சோர்வு மிச்சமிருந்தது, பேச்சு இல்லாமல் வெறுமனே போய்வந்த வீடுகளில் 53. மருந்து கொடுக்கவில்லை, டாக்டர் போகவில்லை. அந்த வித்தியாசத்தில் மாமியார்களுக்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா? நர்ஸுக்கு அந்த அதிகாரமே கிடையாது. அந்த முடிவை எடுக்கக்கூடியது மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழு. குடும்பத்தோடு இருப்பதே குழந்தைக்கு முதல் உரிமை, இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வீட்டில் துணி குவிந்து கிடக்கிறது, பாத்திரம் கழுவவில்லை என்பதற்காக யாரும் வரமாட்டார்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எதற்கென்றால், குழந்தையை அடிக்கிறார்கள், சூடு வைக்கிறார்கள், போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், விற்கப்போகிறார்கள் என்றால் அதற்கு. அப்போது தயங்கவே கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டாலும் போதும். உங்கள் வீட்டுக்குத் தேவைப்பட்டது 1098 இல்லை, துணை சுகாதார நிலையத்து நர்ஸின் நம்பர். அதைத்தான் உங்களிடமிருந்து வாங்கி நான் பேசினேன். பொய் சொல்லி அனுப்பியதற்கு எப்படி முகத்தில் முழிப்பது என்று தவித்தீர்கள். “பெங்களூர்ல இருந்து வந்துட்டாங்க” என்று சொல்லிவிடுங்கள் என்றேன். எங்களுக்குத் தெரியாத பெங்களூரா!

அரூருக்குக் குழந்தையை அனுப்புவது வேண்டாம். பால் நிற்கிற வழி அதுதான். பிரித்து வைத்தால் ‘நான் இருந்து என்ன’ என்கிறவளுக்கு, ஆமாம், நீ வேண்டாம் என்று நாமே பதில் சொன்ன மாதிரி ஆகும். வேண்டுமானால் உங்கள் மகள் பத்து நாள் இங்கே வரட்டும் என்றேன். அம்மா இல்லாத பெண்ணுக்கு நாத்தனார் வந்து தலைக்கு எண்ணெய் வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூத்தவளை அங்கன்வாடியில் விடுங்கள், இரண்டு வயது முடிந்தாலே சேர்த்துக்கொள்வார்கள். காலையில் நீங்கள் மாட்டோடும் சொசைட்டியோடும் இருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் அவள் ஒருத்தியாக இரண்டு குழந்தைகளோடு மல்லுக்கட்டுகிறாள், சாயங்காலமும் அப்படியே. உங்கள் வேலையை விடச் சொல்லவில்லை, வீட்டுக்கு வருகிற காசு அது. அந்த நேரத்தில் வேறொரு ஆள் வீட்டில் இருந்தாக வேண்டும். மகன் ஒரு மாதம் ஊரில் இருக்கட்டும் என்று சொன்னேன், மேஸ்திரி விடமாட்டார் என்றீர்கள். பத்து நாள் விட்டாரே!

பையன் பிறந்தால் சரியாகுமா என்ற கேள்விக்குப் பதில்: ஆகாது. இந்தக் கேள்வி அவள் காதில் எத்தனை தடவை விழுந்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். 7.6 ரத்தத்தோடு அடுத்த கர்ப்பம் வந்தால் பையனா பெண்ணா என்று பார்க்க அவள் இருப்பாளா என்பதே சந்தேகம். இதை இதற்குமேல் மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அடுத்த குழந்தை வேண்டுமா, எப்போது என்பதை அவளும் உங்கள் மகனும் நர்ஸிடம் பேசி முடிவு செய்யட்டும்.

சாப்பாடு. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு பெருக்கும் என்று சொம்புக் கணக்கில் அளந்து கொடுக்கும் பழக்கம் உங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. பால் கொடுப்பவள் தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கட்டும். பத்தியம் என்று பூண்டுக் குழம்பு, கருவாடு கொடுத்தால் சந்தோஷம், அதற்காகக் கீரையையும் முட்டையையும் நிறுத்தாதீர்கள். கேழ்வரகுக் களி மிக நல்லது, ஆனால் ஒரு நாளைக்கு ஒரு உருண்டையோடு முடிந்துவிடக் கூடாது. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு மாட்டுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும், எல்லா ஊரிலும் போகிறது. இந்த ஆறு மாதம் அது அவளுக்குப் போகட்டும்.

புட்டியைத் தூக்கிப் போடச் சொன்னேன். தண்ணீர் கலந்த பசும்பால் வயிற்றை நிறைக்கும், எடையை ஏற்றாது. புட்டியின் ரப்பரைக் கழுவி முடியாது, அதிலிருந்து வரும் பேதிதான் பயம். அதோடு ரப்பருக்குப் பழகிய வாய் மார்பைப் பிடிக்க அடம் பிடிக்கும். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திக் குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. டாக்டர் சொன்ன அளவை, சொன்ன விதத்தில், பாலாடைச் சங்கில் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் மார்பு, அப்புறம் பாலாடை. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும், நின்றுபோன மாதிரி இருக்கிற பால்கூட ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பும். குழந்தையை வெறும் உடம்போடு அவள் நெஞ்சில் போட்டு மேலே சேலையால் மூடி உட்காரச் சொல்லுங்கள், தூளி கொஞ்ச நாள் சும்மா தொங்கட்டும். உரை மருந்தை நாக்கில் தடவுவது, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

39-ஆம் நாள் நர்ஸம்மாவே வந்து அழைத்துக்கொண்டு போனார். பிறந்தபோது 2.8 கிலோ இருந்த குழந்தை அன்று 3.0. நாளுக்கு 20, 30 கிராம் ஏறவேண்டிய வயதில் 39 நாளுக்கு வெறும் 200 கிராம். மருமகளுக்கு இரும்புச்சத்து ஊசி டிரிப்பில் போட்டார்கள், இன்னும் சில தவணை பாக்கி இருக்கிறது. அந்த வாரமே தருமபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டினீர்கள். பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரைதான் தந்திருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் அதன் பலன் தெரியும், நடுவில் நிறுத்தக் கூடாது. ராத்திரி நேரத்தில் மனசு கனத்தால் அவளே மனநல உதவி எண் 14416-இல் பேசலாம், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள். குழந்தைக்கு 45-ஆம் நாள் தடுப்பூசி போட்டாயிற்று. அதற்குக் காய்ச்சல் வந்ததைப் பார்த்து நீங்கள் பயந்து எனக்குப் போன் செய்தது அன்றைக்குத்தான்.

போன செவ்வாய்க்கிழமை எடை 3.4. நனைகிற துணி ஏழு, எட்டு. உங்கள் மகள் அரூருக்குத் திரும்பிவிட்டாள், மகனும் பெங்களூர் போய்விட்டான். மருமகள் இன்னும் அதிகம் பேசுவதில்லை, மதியம் முழுக்கப் படுத்திருக்கிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டீர்கள். படுத்திருக்கட்டும் அம்மா. ஆனால் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்ப ஆரம்பித்தாலோ, சாப்பாட்டைத் தள்ளினாலோ, பழைய வார்த்தை வாயில் வந்தாலோ அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் அன்றே அழைத்துப் போங்கள். பூச்சி மருந்து இப்போது பூட்டி வைத்திருக்கும் அந்த வேறு வீட்டிலேயே இருக்கட்டும். நர்ஸம்மா அடுத்து வருவது வெள்ளிக்கிழமை பதினொரு மணிவாக்கில் என்று சொன்னார். அந்த நேரத்தில் நீங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவீர்களாமே? அன்றைக்கு மட்டும் கொட்டகையிலேயே கட்டித் தீவனம் போட்டுவிட்டு வீட்டில் இருங்கள்.